கவலைக்கு மாலை 6 மணி

சேலத்தில் யாராவது "மனசே சரியில்லைங்க" என்று சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வருவது "ஒரு நாள் ஏற்காடு போயிட்டு வாங்க". கெட்ட யோசனை ஒன்றும் இல்லை. அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் ஏரிக்கரையில் நின்றால் உடம்புக்குக் குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆனால் செவ்வாய்பேட்டைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த கடன் பாக்கி, படகில் லைஃப் ஜாக்கெட் மாட்டும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரை ஐபோன் செயலி வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனது அதில் இருக்கிறதா, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்? சுமார் 47 சதவீத நேரம் மனது செய்கிற வேலையில் இல்லை. அப்படி வேறெங்கோ போயிருந்த நேரங்களில் சந்தோஷமும் குறைவு. என்ன வேலை செய்தார்கள் என்பதைவிட, மனது எங்கே இருந்தது என்பதுதான் சந்தோஷத்தை அதிகம் தீர்மானித்தது. எனவே சந்தோஷத்தைத் தேடி அலைவதைவிட, மனதை நாள் முழுக்க இழுத்துக்கொண்டு போகும் கவலையைக் கையாளத் தெரிந்துகொள்வது லாபம் என்பது என் கட்சி. சந்தோஷத்தையே குறிக்கோளாக வைத்துக்கொண்டு "இன்னும் வரலையே" என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது குறையவே செய்யும் என்று ஐரிஸ் மாஸ் குழுவின் 2011 ஆய்வும் சொல்கிறது.

கவலையைக் கையாள வீட்டில் கிடைக்கும் அறிவுரை ஒன்றே ஒன்று: "அதையே நினைக்காதே." இது ஏன் பலிப்பதில்லை என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் காட்டினார். சோதனைக்கு வந்தவர்களிடம், வெள்ளைக் கரடியை 5 நிமிடம் நினைக்கக் கூடாது என்று சொன்னார். நினைத்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது மட்டுமில்லை, பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கியவர்கள் அடக்காதவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று சரிபார்க்க, மனது அதைத்தானே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது?

துரத்தவும் வேண்டாம், உட்கார வைத்து விருந்தும் போட வேண்டாம். தள்ளிப் போடுங்கள் என்பது மூன்றாவது வழி. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போர்கோவெக் குழு 1983இல் இதை முறையாகச் சோதித்தது. அதற்குப் பதினோரு வருடம் முன்பே தூக்கமின்மைக்கு ரிச்சர்ட் பூட்சின் கண்டுபிடித்த தத்துவம்தான் இதற்கும் அடிப்படை. படுக்கையில் தூக்கத்தைத் தவிர எல்லாவற்றையும் செய்தால், படுக்கையைப் பார்த்ததும் மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடும். கவலையும் அப்படியே. அடுப்படியில், பஸ்ஸில், பட்டறையில், குளியலறையில் என்று எங்கும் கவலைப்பட்டால் அந்த இடங்கள் எல்லாமே கவலையைக் கிளப்பிவிடும் இடங்களாகிவிடும். ஒரே இடம், ஒரே நேரம் என்று சுருக்கினால் மற்ற இடங்கள் விடுபடும்.

முறை இதுதான். தினமும் அதே நேரம், அதே இடம், 30 நிமிடம். தூங்கப் போவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் இருக்கட்டும். 6 மணி பலருக்கும் ஒத்துவரும்; கடை வைத்திருப்பவர்களுக்கு மதியம் 3 மணி. இடம் படுக்கையாகவோ, நீங்கள் ஆசையாக உட்காரும் ஊஞ்சலாகவோ இருக்கக் கூடாது. மொட்டை மாடிப் படிக்கட்டு, பின்கட்டுத் துவைக்கிற கல் போதும். கொஞ்சம் வசதிக் குறைவாக இருப்பதே நல்லது.

பகலில் கவலை வந்தால் ஒரு சின்ன நோட்டில் மூன்று நான்கு சொல்லில் எழுதுங்கள், "ஆறு மணிக்கு" என்று மனதுக்குச் சொல்லுங்கள், கையில் இருந்த வேலைக்குத் திரும்புங்கள். திரும்பும்போது உடம்பில் உணரக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொள்வது உதவும்: தறியின் சத்தம், கையில் இருக்கும் கம்பியின் சூடு, தோசைக் கல்லின் வாசனை. முதல் வாரம் அதே கவலை நாளுக்குப் பத்து தடவை வந்து நிற்கும். பத்து தடவையும் அதே பதில். திரும்ப எழுத வேண்டாம், பக்கத்தில் ஒரு கோடு போட்டால் போதும்.

6 மணிக்கு நோட்டைத் திறந்தால் பாதி வரிகள் அதற்குள் செத்திருக்கும். அவற்றை அடித்துவிடுங்கள். மீதியை என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவரின் நோட்டு என்று ஒரு கற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு வரி: "பாலிஷ் ஆள் வரல, வியாழன் சரக்கு." "ரேட் இறங்கினா?" "அம்மா கால் வீக்கம்." "மச்சான் சொன்ன வார்த்தை." நான்கும் கவலைதான், ஆனால் நான்கு சாதி.

முதலாவது வேலை. அதற்கு நேரமும் ஆளும் போட்டு எழுத வேண்டும்: "7.30க்கு இன்னொரு பாலிஷ்காரருக்குப் போன். அவரும் இல்லையென்றால் நாளை 10 மணிக்கு வியாபாரியிடம் சனிக்கிழமை என்று சொல்லிவிடுவது." "பார்த்துக்கலாம்" என்று எழுதினால் அது நாளைக்கும் பட்டியலில் நிற்கும்.

இரண்டாவது கேள்வியாகவே நிற்கும் பயம். போர்கோவெக் கவனித்த முக்கியமான விஷயம் இங்கே வருகிறது: கவலை பெரும்பாலும் சொற்களாகவே மனதில் ஓடுகிறது, காட்சியாக அல்ல. "இறங்கினா? இறங்கினா?" என்று சுற்றிக்கொண்டிருக்கும்வரை, இறங்கினால் என்ன ஆகும் என்ற காட்சியைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்கிறோம். அதனால் பயம் குறையாமலும் இருக்கிறது. எனவே கேள்விக்குறியை எடுத்துவிட்டு வாக்கியத்தை முடியுங்கள். உதாரணத்துக்கு: "கிலோவுக்கு 5,000 இறங்கினால், ஆர்டர் உறுதியாகாமல் கையில் இருக்கும் 2 கிலோவில் 10,000 நஷ்டம். இந்த மாதம் சீட்டுப் பணத்துக்குத் தவணை கேட்க வேண்டி வரும்." அசிங்கமான வாக்கியம்தான். ஆனால் இப்போது பயத்துக்கு ஒரு தொகை இருக்கிறது. தொகை இருப்பதைத் தாங்க முடியுமா என்று பார்க்கலாம்.

மூன்றாவது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த காரியம். ஒரே வரி மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அதற்கு எழுதிய அடுத்த படி பெரிதாக இருக்கிறது என்று பொருள். "ஆஸ்பத்திரி போகணும்" என்பதை "நாளை 9 மணிக்குத் தங்கச்சிக்குப் போன், யார் கூட்டிட்டுப் போறது" என்று சுருக்கினால் நகரும்.

நான்காவதுதான் பிடிவாதக்காரன். அது நடந்து முடிந்தது; செய்ய ஒன்றும் இல்லை; ஆனாலும் மனதில் அதையே திரும்பத் திரும்ப அரைக்கிறோம். எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ் இந்த அரைப்பை நெடுங்காலம் ஆராய்ந்தவர். "ஏன்" என்ற கேள்வியில் தொடங்கும் யோசனை பொதுவாகிக்கொண்டே போகும்: ஏன் என்னை மட்டும் மட்டம் தட்டுறாங்க, ஏன் நான் வாயை மூடிட்டு நின்னேன், ஏன் என் வாழ்க்கையே இப்படி. "எப்படி நடந்தது, அடுத்து எப்படி" என்று கேட்டால் அது தரையில் நிற்கும். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: எங்கே, யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே, எனக்கு உடம்பில் என்ன ஆனது, அடுத்த தடவை என்ன சொல்வேன். பிறகு அந்த உணர்ச்சிக்குச் சரியான பெயர். "டென்ஷன்" என்று எழுதினால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அவமானமா, பொறாமையா, ஏமாற்றமா? மாத்யூ லீபர்மேன் குழு 2007இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் துடிப்பு தணிந்தது.

கோபமாக இருந்தால், "கொட்டித் தீர்த்துடு, லேசாயிடும்" என்பார்கள். தீராது. பிராட் புஷ்மேன் 2002இல் செய்த சோதனையில், தன்னைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபமாகத்தான் வெளியே வந்தார்கள். மச்சான் கதையை மூன்று பேருக்குப் போனில் சொல்வதும் குத்துப் பைதான்.

30 நிமிடம் ஆனதும் மணி அடிக்கட்டும். பாதி வாக்கியமாக இருந்தாலும் மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். உடனே கைவேலை: செடிக்குத் தண்ணீர், பாத்திரம், வாசல் கழுவுதல், ஒரு 10 நிமிடம். எழுந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்தால் கவலையும் கூடவே உட்காரும்.

இனி கெட்டுப்போகும் விதங்கள். அடிக்கடி நடப்பது, பகலில் தள்ளிப்போட்டுவிட்டு 6 மணிக்கு உட்காராமல் இருப்பது. "இப்ப நல்லாத்தானே இருக்கேன், எதுக்குக் கிளறணும்?" நான்கு நாள் அப்படி ஏமாற்றினால் "ஆறு மணிக்கு" என்ற சொல்லை மனது நம்பாது, அது வெறும் அடக்கலாகிவிடும், வெள்ளைக் கரடி திரும்ப வரும். கவலையே இல்லாவிட்டாலும் 5 நிமிடம் போய் உட்காருங்கள். அங்கே சலிப்புத் தட்டினால் முறை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது போனில் எழுதுவது. நோட்ஸ் திறக்கப் போய் வாட்ஸ்அப், அதில் இருந்து வெள்ளி ரேட், அதில் இருந்து எவனோ போட்ட யூடியூப் ஆரூடம். காகிதமே மேல். ரேட் பார்ப்பது ஒரு தனி நோய். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கொஞ்ச நேரம் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் அடுத்த தடவை பார்க்க வைக்கிறது. காலை 11, மாலை 5 என்று இரண்டு வேளை வைத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டிருக்கும் நாட்களில் வானிலைச் செயலியைத் தொடர்ந்து தடவிக்கொண்டிருப்பதும் இதே கதை. மேகத்துக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. தார்ப்பாய் எங்கே இருக்கிறது, ராத்திரி தூறல் விழுந்தால் மூட யார் வருவார்கள் என்ற இரண்டு வரியோடு அந்தக் கவலை முடிகிறது.

கணவன் மனைவி சேர்ந்து உட்காருவதும் வேண்டாம். ஐந்தாவது நிமிடம் அது பஞ்சாயத்தாகிவிடும். பைக்கில் மலை இறங்கும்போதும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

காப்பி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஊர் கோபித்துக்கொண்டாலும். காபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணி டம்ளரில் பாதி, 10 மணிக்கு உங்களோடுதான் படுக்கிறது. படபடப்பு, கை நடுக்கம், வேகமான இதயத் துடிப்பு எல்லாம் காப்பியாலும் வரும், பயத்தாலும் வரும். மனது பெரும்பாலும் பயம் என்றே கணக்கெழுதும். கடைசி டம்ளரை மதியம் 2 மணியோடு நிறுத்திப் பாருங்கள்.

இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையில் கணக்குப் போட வேண்டாம். ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வராத மாதிரித் தெரிந்தால் (கடிகாரம் பார்க்காமல்) எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். படுக்கும் முன் நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை 5 நிமிடம் எழுதுவது உதவும். பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 57 இளைஞர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். இது கவலை நேரம் அல்ல, வேலைப் பட்டியல். இரண்டையும் கலக்காதீர்கள்.

தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு. வீட்டில் அடிதடி, கந்துவட்டிக்காரர் மிரட்டல், நெஞ்சு வலி இவை கவலை இல்லை, ஆபத்து. இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் நோட்டுப் புத்தகத்தை நம்பாமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 6 மணி வரை காத்திருக்க வேண்டாம்: 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மூன்றாம் நாளே பலனை எடை போடாதீர்கள். இரண்டு வாரமாவது கொடுங்கள். ஒரு மாதம் ஓடி, 6 மணிக்கு எழுத ஒன்றும் அகப்படாத நாட்கள் கூடினால் 15 நிமிடமாக்குங்கள், பிறகு வாரத்துக்கு மூன்று நாள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீடு முழுக்கச் சொந்தம் வந்துவிட்டால் மாடிப்படி கிடைக்காது. அந்த வாரம் மட்டும் அதிகாலை 5.30க்கு, யாரும் எழும் முன்னால், அதே நோட்டோடு உட்காரலாம்; விருந்தாளிகள் கிளம்பியதும் பழைய நேரத்துக்கே திரும்பிவிடுங்கள்.