குளிக்க மறுக்கும் அம்மாவுக்கு

அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர் "அப்பவே குளிச்சாச்சு" என்றால் அது பிடிவாதமோ பொய்யோ அல்ல. குளித்த ஞாபகமும் குளிக்காத ஞாபகமும் அவருக்கு ஒன்றாகக் கலந்துவிட்டன. வாதாடாதீர்கள். "வாங்கம்மா, வெந்நீர் ரெடி" என்று கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். மறுத்தால் அரை மணி நேரம் விட்டு மறுபடி கூப்பிடுங்கள். பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் பலருக்குக் கூடும், அதனால் காலையே நல்லது.

துண்டு, சோப்பு, மாற்றுப்புடவை எல்லாம் முன்பே உள்ளே இருக்கட்டும். பாதியில் எடுக்கப் போனால் அவர் எழுந்து வழுக்கிவிடுவார். வழுக்காத, கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். தண்ணீர் 37, 38 டிகிரி செல்சியஸ் போதும். உங்கள் முழங்கை உள்பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள், சூடு தாங்காவிட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாமல் போகலாம்.

எடுத்ததும் தலையில் ஊற்றுவதுதான் பெரிய தவறு. திடீரென்று முகத்தில் நீர் விழுந்தால் மிரண்டு அடிக்கக்கூட வருவார். பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். தோளில் ஒரு துண்டு போர்த்தி, அதன் மேலேயே ஊற்றலாம். குளிரும் கூச்சமும் குறையும். சோப்புத்துணியை அவர் கையிலேயே கொடுங்கள். தலைக்குளியலை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தினமும் குளித்தே ஆக வேண்டும் என்பதில்லை. மற்ற நாள்களில் ஈரத்துணியால் துடைத்து, அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடையிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றிவிடுங்கள். ஒத்துழைத்தவர் திடீரென முரண்டு பிடித்தால் வலியோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.