பின்சுவருக்கு 3 கிலோமீட்டர்

ராத்திரி மேப்பில் ஒரு புறநகர்க் குடியிருப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீடுகள், பின்சுவரோடு பின்சுவர் ஒட்டி நிற்கின்றன, கூப்பிட்டால் கேட்கும். நடந்து போக வழி கேட்டால் முட்டுச்சந்திலிருந்து வெளியே வந்து, மெயின் ரோடு ஏறி, இன்னொரு நுழைவாயில் வழியாக உள்ளே போய்... 3 கிலோமீட்டர் காட்டுகிறது!

ஊர் பெருத்தால் தூரம் கூடும், சரி. ஆனால் இது தெருக்களைக் கோத்த விதத்தால் வந்த தூரம். நான்கு தெரு கூடும் சந்திப்புகள் நிறைய இருந்தால் ஒரு வழி அடைத்தாலும் இன்னொன்று இருக்கும். மரக்கிளை மாதிரி பிரிந்துபோய் முட்டி நிற்கும் அமைப்பில் எல்லா வண்டியும் ஒரே அடிமரத்துக்குத்தான் வந்தாக வேண்டும், அப்புறம் நெரிசல் நெரிசல் என்று அந்த ஒரு ரோட்டையே அகலப்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

1811இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கும் 1859இல் பார்சிலோனா விரிவாக்கத்துக்கும் சதுரங்கப் பலகை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத்தான் தெருத் திட்டம் போட்டார்கள். அதே அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்த அரசு அமைப்பே முட்டுச்சந்தைச் சிபாரிசு செய்தது. வண்டிகள் வேகமாக வராது, பிள்ளைகள் விளையாடலாம் என்பது நியாயம் (அது பொய்யும் இல்லை). 2009இல் வர்ஜீனியா மாநிலம், பக்கத்து இடங்களோடு இணையாத புதுத் தெருக்களைப் பராமரிப்புக்கு எடுத்துக்கொள்வதையே கடினமாக்கியது.

கட்டடத்தை இடித்துக் கட்டலாம், தெருவை மாற்றுவது லேசில்லை. 1666 தீயில் எரிந்த லண்டனே பெரும்பாலும் பழைய தெருக்கோட்டில்தான் மறுபடி எழுந்தது.

அந்தப் பின்சுவர்கள் பக்கத்தில் ஆள் நுழைகிற அகலத்துக்கு ஒரு சந்து விட்டிருந்தால் போதும், 3 கிலோமீட்டர் ஐம்பதடி ஆகியிருக்கும்.