நட்டைக் கழற்றியும் வராத ஃபிளைவீல்

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் செயின்சாவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக் கொட்டகைக்கு வருகிறவர்களில் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். போன வாரம் பக்கத்து லோரோங் (சந்து) மாமா வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து மரம் அறுக்கிறவர், இப்போது டுரியான் தோப்புகளில் கிளை வெட்டக் கூப்பிடுகிறார்கள்.

"தம்பி, வேகம் கூட்டுற எண்ணெய் பட்டனை விட்டாலும் கத்திக்கிட்டே இருக்கு, செயின் நிக்கவே மாட்டேங்குது. ஸ்குருவை நானும் திருப்பிப் பார்த்துட்டேன்லா."

கார்புரேட்டர் ஸ்குருவைத் திருப்பினேன் என்று யாராவது சொன்னாலே எனக்குப் பயம். ஸ்டார்ட் செய்து, ஓடுகிற மிஷினை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்தேன், சாய்க்கச் சாய்க்க வேகம் மாறியது. ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றினால் ஃபிளைவீலுக்கு (பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையில் மாட்டிய, இறகும் காந்தமும் உள்ள சக்கரம்) பின்னால் எண்ணெயில் ஊறிய மரத்தூள் அப்பிக் கிடக்கிறது. கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் போய்விட்டது, அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது. காற்று கூடினால் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு கலந்து வர வேண்டிய எண்ணெயும் குறையும், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். சீலை மாற்றியே ஆக வேண்டும். அது ஃபிளைவீலுக்குப் பின்னால் இருக்கிறது.

இங்கேதான் என் பழைய வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் ஃபிளைவீல் கழற்றியபோது நட்டை எடுத்தேன், அது அசையவில்லை, சரி என்று இரண்டு பக்கமும் இரண்டு ஸ்குரு டிரைவரைக் கொடுத்து நெம்பினேன். இரண்டு இறகு ஒடிந்து தரையில் விழுந்தது, மிஷின் உடம்பிலும் பள்ளம். இறகு ஒடிந்த வீல் சுற்றும்போது ஆடும், சிலிண்டருக்குக் காற்றும் சரியாகப் போகாது, ஆகவே புது வீல் என் காசில். அன்றைக்குத்தான் புரிந்தது, ஃபிளைவீலைப் பிடித்து வைத்திருப்பது நட்டு அல்ல. தண்டின் முனை கூம்பு மாதிரி சரிவாக இருக்கிறது, வீலின் துளையும் அதே சரிவு, ஒன்றுக்குள் ஒன்று போய் இறுகிக் கடித்துக்கொள்கிறது. நெம்பினால் ஒரு பக்கம் மட்டும் இழுபடும், கடி இன்னும் இறுகும். நேர்க்கோட்டில் ஒரு அதிர்ச்சி கொடுத்தால் பட்டென்று விட்டுவிடும்.

அதற்கு முன்னால் நட்டு. நட்டைத் திருப்பினால் வீலும் கூடவே சுற்றும், உடனே இறகுக்கு நடுவே எதையாவது செருகிப் பிடிக்கத் தோன்றும், செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக சிலிண்டருக்குள் கயிறு விடுங்கள், பிஸ்டன் கயிற்றில் முட்டி நிற்கும். ஆனால் எல்லாரும் முதலில் தேடுவது வீட்டில் கிடக்கும் இளஞ்சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு, அது நார் நாராகப் பிரிந்து உள்ளேயே தங்கிவிடும், வேண்டாம். பழைய ஸ்டார்ட்டர் கயிறுதான் சரி. வெளியே இருக்கும் முனையில் ஒரு பெரிய முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள்.

கயிறு விடும் நேரமும் முக்கியம். பிஸ்டன் மேலே ஏறி வரும்போது புகை வெளியேறும் துளையை மூடித் தாண்டிய பிறகுதான் விட வேண்டும், அந்தத் துளை திறந்திருந்தால் கயிறு அதற்குள் நுழையும், பிஸ்டன் அதைத் துளையின் விளிம்பில் வைத்து நறுக்கும். சைலன்சரைக் கழற்றிவிட்டால் துளை கண்ணெதிரே தெரியும், எனக்கு அதுதான் நிம்மதி. அப்புறம் இன்னொன்று, கிளட்ச் பக்கம் இடது மரை என்று எல்லாரும் படித்திருப்பார்கள், அதே நினைப்பில் இந்த நட்டையும் தலைகீழாகத் திருப்பி இறுக்கிவிடுவார்கள். ஃபிளைவீல் பக்கம் சாதாரண மரைதான், கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினால் கழலும்.

கழன்றதும் நட்டை முழுதாக எடுத்துவிடாதீர்கள். தண்டின் முனையும் நட்டின் மேல்பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி விட்டுவையுங்கள், அடி விழும்போது மரை நசுங்காது, வீலும் பறந்து போகாது. மாமாவை வீலை இரண்டு கையாலும் பிடித்து மிஷினை மேசைக்கு மேல் நாலு விரல் தூக்கச் சொன்னேன், மிஷினின் முழுக் கனமும் வீலில் தொங்கியது, கீழே பழைய சாக்கு. நட்டின் மேல் ஒரு பித்தளைத் துண்டை வைத்து சுத்தியலால் ஒரு தட்டு. வரவில்லை. "நல்லா அடி தம்பி" என்கிறார் மாமா. அதுதான் கூடாது. செயின்சா கிராங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது, ஓங்கி அடித்தால் அந்தத் துண்டுகள் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடும், அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். வீலின் விளிம்பில் அடித்தால் காந்தம் விரிசல் விடும். துரு இளக்கும் எண்ணெயை நடுவில் அடித்துவிட்டு தே தாரிக் குடிக்கப் போனோம். திரும்பி வந்து, ஹேர் டிரையரால் வீலின் நடுப்பகுதியை மட்டும் கொஞ்சம் சூடாக்கி (கேஸ் டார்ச் வேண்டாம், காந்தமும் சீலும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலும் கெடும்), சுருக்கென்று ஒரே தட்டு. மிஷின் சாக்கில் விழுந்தது, வீல் மாமா கையில்.

சில மாடலில் வீலின் நடுவிலேயே புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்ட மரை போட்ட துளைகள் இருக்கும். இருந்தால் சுத்தியலே வேண்டாம். மூன்று கால் புல்லரை விளிம்பில் மாட்டி இழுப்பது மட்டும் வேண்டாம்.

வீல் வந்ததும் வீலைத் தண்டில் சரியான நிலையில் நிறுத்தும் அரைநிலா வடிவச் சாவியைத் தேடினேன், தண்டில் இல்லை, காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் அங்கேதான் பார்ப்பேன். சில சின்ன மிஷின்களில் சாவி தனியாக இருக்காது, வீலோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள், அது தேய்ந்து நகர்ந்திருந்தால் தீப்பொறி நேரம் மாறிவிடும், ஸ்டார்ட்டர் கயிறு கையைப் பிடுங்கும்.

சீல் மாற்றியது பெரிய கதை இல்லை. திரும்ப மாட்டும்போது கூம்பையும் துளையையும் தின்னரால் துடைத்துக் காயவிட்டேன். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று அதில் கிரீஸ் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வழுக்கி சாவியை அறுத்துவிடும். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் 0.3 மில்லிமீட்டர் போல இடைவெளி வேண்டும், தவுக்கே (சீன முதலாளி) கடை பெயரட்டை ஒன்றை நடுவில் வைத்து, காயில் ஸ்குருவைத் தளர்த்தி, காந்தம் இழுத்து ஒட்டியதும் இறுக்கி, அட்டையை உருவிவிட்டேன்.

மூன்றாவது இழுப்பில் ஓடியது, ஆனால் புகையாய்க் கக்கியது. காற்றுக் கசிவைச் சமாளிக்க மாமா பெட்ரோல் ஸ்குருவை அவ்வளவு திறந்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் பழையபடி வைத்து, வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் பொதபொதவென்று ஓட, செயின் அசையாமல் நின்றது. மாமா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, செயினையும் கொஞ்சம் தீட்டிக் குடு" என்றார்.