மணப்பாட்டுக் குகையில் ஒரு தூக்கம்

மகன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தால், அவனையும் கூட்டிக்கொண்டு திருச்செந்தூரிலிருந்து நடந்தே கடற்கரை ஊரான மணப்பாடு வந்து, அங்குள்ள கோயிலில் திருச்சிலுவையை முத்தி செய்கிறேன், அதாவது முத்தமிட்டு வணங்குகிறேன் என்று 2024 ஜனவரியில் நேர்ந்துகொண்டேன். அந்த ஆண்டு செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருவிழாவன்று நேர்ச்சையைச் செலுத்தியாயிற்று. ஆனால் ஜனவரியில் போனதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆண்டவர் எனக்குத் தந்ததை அன்றைக்கே தந்துவிட்டார்.

என் மகன் எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். வேலை முழுக்க இன்ஜின் ரூமில். 2023 செப்டம்பரில் ஏறினான். நவம்பர் 19 அன்று செங்கடலில் ஒரு கப்பலில் ஏமனின் ஹூத்திப் படையினர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, அதை 25 பேரோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சியை டிவியில் பார்த்ததிலிருந்து என் வயிற்றில் ஒரு நெருப்பு. அது போதாதென்று டிசம்பர் 17, 18-இல் இங்கே வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது தெரிந்திருக்கும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. நடுக்கடலில் அவன் எங்களை நினைத்து அழுதிருக்கிறான். நாங்கள் கட்டில் மேல் உட்கார்ந்து அவனை நினைத்து அழுதோம்.

ஜனவரியில் பயம் முற்றிவிட்டது. கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்றை மருமகள் போனில் ஏற்றித் தந்திருந்தாள். ஒரு சின்னப் புள்ளி. ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பேன். 26-ஆம் தேதி ஏடன் வளைகுடாவில் ஒரு டேங்கரை ஏவுகணை தாக்கித் தீப்பிடித்தது. அதில் 22 பேர் நம் நாட்டுப் பிள்ளைகள். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் போய்த் தீயணைக்க உதவியது. எல்லோரும் பிழைத்தார்கள், ஆண்டவருக்குத் தோத்திரம். மறுநாள் மகன் பேசினான். "எம்மா, நாளைக்கு செங்கடல் வாசல்ல உள்ள பாப் எல் மாண்டெப் ஜலசந்திப் பக்கம் வந்துருவோம். சிக்னலை ஆஃப் பண்ணிருவாங்க. ரெண்டு மூணு நாள் போன் வராது. பயப்படாத" என்றான். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் புள்ளி இல்லை.

கையில் செபமாலை இருக்கும், வாய் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லும். ஆனால் செபமாலையின் ஒரு பத்து மணியை உருட்டி முடிப்பதற்குள் நாலு தரம் போனைத் திறந்து செய்தி பார்ப்பேன். செபமும் பயமும் ஒரே மூச்சில் ஓடின. மூன்று வாரமாகச் சரியான தூக்கம் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் மதினி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. "எழும்பு. சேலையை மாத்து. மணப்பாட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்றார். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் வெள்ளத்தின் தடம். இடிந்த சுவர்கள், மண் மூடிய வயல், அரித்துப்போன சாலையோரம். திருச்செந்தூரில் பஸ் மாறிப் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு இருக்கும்.

மணப்பாட்டுக் கோயில் ஏற்பட்ட கதையே பயந்தவர்களின் கதைதான். 1540-இல் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து தத்தளித்தபோது, உயிரோடு கரை சேர்ந்தால் முறிந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுகிறேன் என்று கேப்டன் நேர்ந்துகொண்டாராம். அவர் கரையேறிய இடம் இந்தக் குன்று. சிறு பிள்ளையிலிருந்து கேட்ட கதை, அந்தக் கேப்டனைப் பற்றி ஒருநாளும் நான் நினைத்ததில்லை. அன்றைக்கு மேடேறும்போது அவரைப் பெற்ற தாயைப் பற்றி நினைத்தேன். எந்த ஊரில் எந்தச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாளோ. அவளுக்குப் புள்ளியும் இல்லை, போனும் இல்லை.

திருவிழாக் காலத்தில் மட்டுமே பார்த்திருந்த கோயில் அன்று வெறிச்சோடிக் கிடந்தது. 1581-இல் கட்டியது, உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மெழுகுதிரி ஏற்றிவிட்டு, கடல் பக்கமாகச் சவேரியார் குகைக்கு இறங்கினோம். 1542-இல் புனித சவேரியார் தங்கிச் செபித்த இடம். மதினி வெளியே திண்டில் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

குகைக்குள் ஒரு சின்னக் கிணறு. உப்புக்கடல் இத்தனை பக்கத்தில் இருக்க, அந்தத் தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீர். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு முழங்காலில் நின்றேன். என்ன செபிப்பதென்று தெரியவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் ஆயிரம் தரம் கேட்டாயிற்று. வெளியே அலை மோதும் சத்தம் குகைக்குள் உருண்டு உருண்டு வந்தது. இதே தண்ணீர்தானே அவன் கப்பலுக்கு அடியிலும் கிடக்கிறது என்று நினைத்ததும் உடம்பெல்லாம் நடுங்கியது. அப்போதுதான் நற்செய்தியில் வரும், இயேசு இருந்த அந்தப் படகு நினைவுக்கு வந்தது. புயலில் சீடர்கள் கதறியதும், "உமக்குக் கவலையில்லையா?" என்று கேட்டதும். மூன்று வாரமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழும்பும் ஆண்டவரே, எழும்பும் என்று அவரை உலுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பகுதியில் மாற்கு ஒரு சின்ன விவரம் எழுதியிருக்கிறார். இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனை பூசையில் கேட்டிருப்பேன்! அந்தத் தலையணை அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

"ஆண்டவரே, உம்மை எழுப்பி எழுப்பி எனக்குக் களைத்துவிட்டது. நீர் தூங்கும். அந்தத் தலையணையில் எனக்கும் கொஞ்சம் இடம் தாரும்" என்றேன். வாய்விட்டே சொன்னேன். அவ்வளவுதான் என் செபம்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது தெரியும். மதினி தோளைத் தொட்டு எழுப்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறேன்! "நீ தூங்குறதைப் பாத்து நாலு பேர் செருப்பைக் கையில எடுத்துட்டு சத்தமில்லாமப் போனாங்க" என்றார் மதினி. யாரோ எவரோ, அவர்கள் குடும்பத்தை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். அப்போதும் மகனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. புள்ளி திரும்பவில்லை. ஆனால் வயிற்றிலிருந்த நெருப்பு அணைந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது போனை மதினி பைக்குள் போட்டுவிட்டேன். அந்த இரவும் தூங்கினேன், மறுநாள் இரவும் தூங்கினேன். புதன்கிழமைதான் சேதி வந்தது: "எம்மா, தாண்டியாச்சு. தூங்கப் போறேன்."

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. மார்ச் 6 அன்று அதே ஏடன் வளைகுடாவில் ஒரு சரக்குக் கப்பல் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் இறந்துபோனார்கள். அவர்களுக்கும் தாய் உண்டு, அவர்களும் மன்றாடியிருப்பார்கள். என் செபம் கேட்கப்பட்டது, அவர்கள் செபம் கேட்கப்படவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. குகையில் எனக்குக் கிடைத்தது மகன் வருவான் என்ற உறுதி அல்ல. வந்தாலும் வராவிட்டாலும் அவன் இருக்கும் படகில் ஆண்டவர் இருக்கிறார் என்று நெஞ்சு ஒத்துக்கொண்டது. அதுவே அவர் தந்த சமாதானம். அந்த மூன்று பேருக்காக இன்றைக்கும் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்கிறேன்.

ஜூனில் மகன் வந்தான். செப்டம்பர் 14 விடியுமுன் திருச்செந்தூரில் நடை தொடங்கினோம். குலசேகரப்பட்டினம் தாண்டும்போது இடப்பக்கம் கடல் மேல் வெளுத்தது. எனக்குக் கால் கொப்பளித்துவிட்டது. அவன் என் செருப்பையும் பையையும் தூக்கிக்கொண்டு வந்தான். மணப்பாட்டில் கூட்டம் சொல்லி முடியாது. வேன்களை வழியெல்லாம் மறித்து நிறுத்தியிருந்தார்கள். மாலையைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்டு ஒருவன் விடாமல் பின்னாலேயே வந்தான். வரிசையில் வயதானவர்களை இடித்துத் தள்ளுகிறார்கள். திருச்சிலுவைத் திருப்பண்டத்தை முத்தி செய்ய இரண்டு நொடிதான் கிடைக்கிறது, அதையும் போனில் படம் பிடிக்கக் கையை நீட்டி முன்னால் நிற்பவரை மறைக்கிறார்கள். மனம் வெந்துபோனது. ஆண்டவருக்கு முன்னால் வந்து நிற்கும்போதாவது அந்தப் போனை உள்ளே வைக்கக்கூடாதா?

ஆனாலும் என் முறை வந்தது. குனிந்தேன். நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரே என்பதைத் தவிர ஒரு வார்த்தையும் வரவில்லை. அதற்குள் பின்னாலிருந்தவர்கள் நகர்த்திவிட்டார்கள். எனக்கடுத்து மகன் குனிந்தான். அவன் உதடு வெகுநேரம் அசைந்துகொண்டிருந்தது. பின்னால் சத்தம் போட்டார்கள், அவன் நகரவில்லை.

வெளியே வந்து மணலில் உட்கார்ந்ததும், "அவ்வளவு நேரம் என்னப்பா வேண்டுன?" என்று கேட்டேன்.

"வேண்டலம்மா. அன்னைக்கு ராத்திரி கப்பல்ல கூட இருந்த இருபத்தோரு பேர் பேரையும் சொன்னேன்" என்றான். சொல்லிவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "எம்மா, அந்தக் குகையைக் காட்டு" என்று எழுந்தான்.