எடைக் கணக்கு

விமானப்படையில் இருந்தேன் என்று சொன்னதும் ஊரில் வரும் முதல் கேள்வி, "ஃபைட்டர் ஓட்டினீங்களா?" இல்லை. 1999-இல் நான் சண்டிகரில் ஏஎன்-32 சரக்கு விமானங்களுக்கு இன்ஜின் ஃபிட்டர். பதவி, கார்ப்பரல். இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் கொஞ்சம் வாடும். பழகிவிட்டது.

கார்கில் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது ஜூன் 24 அன்று டைகர் ஹில்லில் மிராஜ் ஃபைட்டர் போட்ட லேசர் குண்டுதான். நாங்கள் பார்த்த போர் வேறு. ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் சாலையில் திராஸ், கார்கில் பக்கம் பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அதனால் ஆள், வெடிமருந்து, மருந்து என்று நிறைய வானத்தில் போக வேண்டியிருந்தது.

லே விமானதளம் 10,600 அடிக்கு மேலே. அங்கே காற்று மெலிசு. வெயில் ஏறினால் இன்னும் மெலிசாகும், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் கிளம்பிவிடும். அதனால் விடிந்ததும் விடியாததுமாகப் போய்த் திரும்பிவிட வேண்டும். நாங்கள் இரவு ஒரு மணிக்கே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கை மேல் ஏறியிருப்போம். ஏஎன்-32-க்கு இன்ஜின்கள் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தாற்போல் இருக்கும். ஏணி இல்லாமல் எதுவும் நடக்காது.

லேயில் இறங்கினாலும் இன்ஜினை நிறுத்த மாட்டோம். அந்த உயரத்தில் நிறுத்தினால் திரும்பக் கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புரொப்பெல்லர் சுற்றச் சுற்றப் பின்கதவைத் திறந்து சாமான் இறக்கி, ஏற்றவேண்டியதை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஏதாவது கோளாறு வந்தால் பார்க்க என்று சில நாள் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள்.

எல்லாமே எடைக் கணக்கு. ஏஎன்-32 ஆறரை டன்னுக்குச் சற்று மேலே தூக்கும் என்பது புத்தகத்தில். லேயிலிருந்து கிளம்பும்போது அதெல்லாம் செல்லாது. ஒவ்வொரு உருப்படியின் எடையும் தாளில் ஏறவேண்டும். 1971-இல் ஏஎன்-12 சரக்கு விமானத்தின் பின்கதவு வழியாகவே குண்டுகளைத் தள்ளி, பாகிஸ்தானின் சங்கா மங்கா காட்டில் இருந்த கிடங்கை அடித்தார்கள். அந்தக் கதையை எங்கள் வாரண்ட் ஆபீசர் வாரம் ஒருமுறை சொல்வார். சொல்லி முடித்து, "அப்பவும் எடை பார்த்துத்தான் ஏத்தினாங்க" என்பார்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள். மேலே போகும் ஜவான்களில் தமிழ் ஹவில்தார் ஒருவர், மதுரைப் பக்கம். பொதிக்கு மேலே துணிப்பையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. எடைத்தாளில் இல்லாத சாமான் ஏறக்கூடாது என்றேன்.

"தம்பி, ரெண்டு கிலோ மாவடு. இதுக்கா உன் பிளேன் கீழ விழுந்துடும்?"

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தார். இறங்கும்போது திறந்து எனக்கு நாலு கொடுத்தார். கையெல்லாம் கிரீஸ், அப்படியே தின்றேன். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

முந்தைய போர்களில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் களத்துக்குப் பக்கத்திலேயே இறுதிச் சடங்கு நடந்துவிடும். கார்கிலில்தான் உடல்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் உடனே வந்துவிடவில்லை. மே 29 அன்று பட்டாலிக்கில் இறந்த திருச்சி மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கும் மேல் அந்த மலையிலேயே இருந்தது.

நான் போன கடைசி நடையில் காயம்பட்டவர்கள் யாரும் இல்லை. நான்கு மரப்பெட்டிகள். போகும்போது அரிசி மூட்டையைக் கட்டியிருந்த அதே பட்டைகளை எடுத்து, அதே வளையங்களில் மாட்டி இறுக்கினேன். பட்டையில் இன்னும் அரிசித் தூசி இருந்தது. துடைக்க நேரமில்லை.

எங்கள் ஃப்ளைட் இன்ஜினியர் தாளும் பேனாவுமாகப் பின்கதவுக்கு வந்தார். அவருக்கும் கணக்கு முடிய வேண்டுமே. "ஒண்ணு எவ்வளவு?" என்று கீழே நின்ற சுபேதாரிடம் இந்தியில் கத்தினார். இன்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. சுபேதார் பெட்டிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். அப்புறம் முஷ்டியை மடக்கிக் காட்டினார். இன்னொரு முறை முஷ்டி.

நூறு. இவர் நான்கு வரியிலும் அதையே எழுதிக்கொண்டார்.