யாருது?

மார்ச் 16, 2024, சனி

மூன்று மணிக்கு டிவியில் தேர்தல் தேதி சொல்லிவிட்டார்கள். நமக்கு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. அப்பா இடது கையை அசைத்துச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

இருட்டுவதற்குள் நம் அச்சகத்துக்கு இரண்டு கட்சியிலிருந்து போன். இரண்டு பேருக்கும் ஒரே ரேட்தான் சொன்னேன். அப்புறம் ஒரு அட்டையில் கொட்டையாக எழுதி மேசைக்கு மேலே மாட்டினேன்: முன்பணம் பாதி, வந்த வரிசைப்படி வேலை. யார் வந்தாலும் அட்டையைக் காட்டினால் போதும்.

மார்ச் 18

மிஷின் சத்தம் கேட்டாலே அப்பா "யாருது?" என்கிறார். பக்கவாதத்துக்கு அப்புறம் அவருக்குத் தெளிவாக வருகிற ஏழெட்டு வார்த்தைகளில் அது ஒன்று. இன்று ஓடியது புதுவயல் கல்யாணப் பத்திரிகை. சொன்னேன், நம்பவில்லை. ஒரு தாளை எடுத்துப்போய்க் காட்டினேன்.

மார்ச் 21

மதுரைக்குப் பேப்பர் எடுக்கப் போகும்போது திருப்பத்தூர் பக்கம் பறக்கும் படை நிறுத்தியது. 50 ஆயிரத்துக்கு மேல் கையில் இருந்தால் கணக்குக் காட்டணும். என்னிடம் 58 இருந்தது. ஆர்டர் புக், பேங்க் சீட்டு எல்லாம் இருந்ததால் விட்டுவிட்டார்கள். முன்னால் நின்ற மாட்டு வியாபாரியிடம் எந்தச் சீட்டும் இல்லை. மாட்டுச் சந்தையில் யார் பில் கொடுக்கிறார்கள்?

மார்ச் 24, ஞாயிறு

கோட்டையூர் சித்தப்பா மகன் வந்தான். 8,000 பிட் நோட்டீஸ், இரண்டு கலர். டிசைன் பென்டிரைவில் தயாராக இருக்கிறது.

அட்டையைப் படித்தான். "எங்களுக்கும் இதே வரிசைதானாக்கா?" என்றான். கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. அதனால்தான் கூடுதலாக வலித்தது.

1996இல் எனக்குப் பன்னிரண்டு வயசு. சித்தப்பா கொடுத்த நோட்டீஸ் அடித்து முடித்து, பிரவுன் தாளில் சுற்றி, சணல் போட்டு, கட்டிங் மிஷினுக்கு அடியில் கிடந்தது. நான் அதன் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். சித்தப்பா மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அப்பா "பேப்பர் வரலப்பா" என்றார். மூன்றாவது தடவை நான் கட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். பாவாடையை இழுத்துக் கட்டை மூடிக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தேர்தல் முடிந்ததும் கட்டு பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போனது.

அதற்கப்புறம் சித்தப்பா இந்தப் படியேறவில்லை. அம்மா இறந்தபோது வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மார்ச் 28

நம் கட்சி ஆட்கள் இரண்டு பேர் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தார்கள். எதிர் வேட்பாளர் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு நோட்டீஸ். கையெழுத்துப் பிரதியில் நாலு வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அடியில் அச்சகத்தின் பேர் வேண்டாமாம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவைச் சொன்னேன். அச்சிடுபவர், வெளியிடுபவர் பேரும் விலாசமும் இருக்கணும். வெளியிடுபவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேணும், அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி வேணும், பிரதியைக் கலெக்டருக்கு அனுப்பணும். மீறினால் ஆறு மாதம் ஜெயில், இல்லை 2,000 அபராதம், இல்லை இரண்டும். "அதெல்லாம் யாரும்மா பாக்குறா? ஒங்கப்பா இருந்தா அடிச்சிருப்பாரு."

அப்பா உள்ளேதான் படுத்திருக்கிறார். இருந்தா என்கிறார்கள்.

சட்டம் இல்லாவிட்டாலும் அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ராத்திரி முழுக்க அதுதான் மனசில்.

ஏப்ரல் 2

கரண்ட் இல்லை. வெயில். கட்டிங் மிஷினுக்கு அடியில் கூட்டினேன், ஒரு ஆணியும் தூசியும்தான்.

ஏப்ரல் 5, வெள்ளி

இதை எழுதாமல் தூக்கம் வராது.

சாயந்தரம் சித்தப்பா மகனின் வேலையை ஏற்றினோம். புரூஃப் பார்த்து அவனே கையெழுத்துப் போட்டது. இருநூறு தாள் ஓடியிருக்கும். மை சரியாக விழுகிறதா என்று ஒன்றை உருவிப் பார்த்தேன். சிவப்பு நன்றாக இருந்தது. கீழே, "ஏப்ரல் 18, வியாழக்கிழமை மறவாமல் வாக்களிப்பீர்."

18. அது 2019 தேர்தல் தேதி. பழைய ஃபைலை எடுத்துப் பேரையும் படத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறான்.

எனக்கு அந்தக் கட்சியைப் பிடிக்காது. அது மாறப்போவதும் இல்லை. என் ஓட்டு எதற்கு என்று இந்தத் தெருவுக்கே தெரியும். கையெழுத்து அவனுடையது, தப்பு அவனுடையது, என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். இரண்டாவது சொம்பும் குடித்தேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து அப்பா, "யாருது?"

நான் பதில் சொல்லவில்லை. போய் மிஷினை நிறுத்தினேன். கவுன்ட்டரில் 1,140.

அவனுக்குப் போன் பண்ணினேன்.

ஏப்ரல் 6

காலை ஆறரைக்கே வந்துவிட்டான். "பென்டிரைவ்ல சரியாத்தானே இருந்துச்சு" என்றான். கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். 18தான். ரொம்ப நேரம் திரையையே பார்த்தான். அவன் யோசித்தது எனக்குத் தெரியும்: நானே மாற்றியிருப்பேனோ என்று. இந்தக் கடையைப் பற்றி அப்படி நினைக்க அவன் வீட்டுக்கு உரிமை இருக்கிறது.

புது பிளேட், வீணான பேப்பர் இரண்டும் என் கணக்கு என்றேன். "ஏன்க்கா, தப்பு எங்களுதுதானே?" என்றான். முதல் இருநூறிலேயே பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மிச்சம் தொள்ளாயிரத்து நாற்பது தாளும் என்னுடையவை.

ஏப்ரல் 7

உறுதிமொழியும் நான்கு பிரதியும் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பியாச்சு. மூன்று நாள் கெடு.

கட்டு கொண்டுபோகும்போது மகன் சொன்னான், சித்தப்பாவுக்கு 86. ஃபாரம் 12டி கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிப்போவார்களாம். அவர் கட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்? சணல் முடிச்சு அப்பா போடுகிற அதே முடிச்சு.

ஏப்ரல் 8

அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு ஓடியது யாருது என்று. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்திரி இடியாப்பம் இரண்டே வாய்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடியை அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 17

ஆறு மணியோடு பிரச்சாரம் ஓய்ந்தது. தெருவே காது அடைத்த மாதிரி இருக்கிறது. அட்டையைக் கழற்றவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

அப்பாவைச் சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். ஓட்டுப் போட்டுச் சீட்டு ஏழு விநாடி தெரிந்து விழுகிற வரை கண்ணாடியையே பார்த்தாராம்.

திரும்பும்போது, இருநூறு மீட்டர் தள்ளிப் பந்தலில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மகன் எழுந்து நின்றான். அப்பா பார்த்தார். "யாருது?" சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டு" என்றார். இடுப்புத் துண்டு அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டிவிட்டேன். என் கையைத் தள்ளிவிட்டு மறுபடி, "கட்டு."

ஏப்ரல் 20

காலையில் கேட்கலாம் என்று போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். காதுகுத்துப் பத்திரிகைக்கு ஆள் வந்துவிட்டது.