விரலுக்குக் கீழே வளையும் பலகை

இன்று காலை நீண்ட கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, மெக்கானிக்கல் கீபோர்டின் நடுவில் உள்ள 'ஜி', 'எச்' விசைகள் மட்டும் மற்றவற்றைவிடச் சற்று ஆழமாக இறங்குவதை விரல் உணர்ந்தது.

விசைமூடிகளைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் கண்ணை வைத்து அந்த இடத்தை அழுத்திப் பார்த்தேன்.

ஒவ்வொரு விசைக்கும் அடியிலுள்ள சுவிட்சுகளோடு சேர்ந்து, அவை பொருந்தியிருக்கும் மின்சுற்றுப் பலகையே கீழே வளைந்து, விரலை எடுத்ததும் மேலே வந்தது.

அதன் தடிமன் 1.6 மி.மீ. மட்டுமே. கண்ணாடியிழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த பொருள் என்பதால் எளிதில் உடையாது, ஆனால் வளையும். உறையின் அடியிலிருந்து எழும் சில திருகுத் தூண்களே அதைத் தாங்குவதால், தூணுக்கு நேர்மேலே உள்ள விசை கல்போல இருக்க, இரு தூண்களுக்கு இடையில் உள்ள விசை தொங்குபாலமாகிவிடுகிறது.

கொஞ்சம் நெகிழ்வு விரலுக்கு இதம்தான். அதை விரும்புவோரோடு எனக்கு வழக்கில்லை. இடத்துக்கு இடம் மாறுவதுதான் உறுத்துகிறது. மேலும், சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய பலகையில், தாங்கல் இல்லாத இடத்தில் அழுத்திச் செருகினால் அடியிலுள்ள சாக்கெட்டே பெயர்ந்துவிடக்கூடும்.

முதலில் கைக்குக் கிடைத்த தடித்த ஸ்பாஞ்சைப் பலகைக்கும் உறையின் அடிக்கும் இடையே திணித்தேன். பலகை மேல்நோக்கிப் புடைத்தது.

பிறகு பட்டாணி அளவு களிமண் உருண்டையை உள்ளே வைத்து, திருகுகளை முடுக்கி, மீண்டும் திறந்து, நசுங்கிய உருண்டையை அளந்தேன்: 4 மி.மீ. அதே தடிமனில் ரப்பர் துண்டுகளை வெட்டி, கூரான பற்றவைப்பு முனைகள் குத்தாத இடமாகப் பார்த்து ஒட்டினேன். அடிப்பக்கம் முழுவதும் மின்முனைகள் என்பதால் உலோகத்தை அங்கே அண்டவிடக் கூடாது.

இப்போது 'ஜி'யும் 'எச்'சும் மற்ற விசைகளின் அளவுக்கே இறங்குகின்றன. ஸ்பேஸ்பாரின் இடது ஓரத்தில் மட்டும் இன்னும் சிறு தொய்வு தெரிகிறது. அங்கே இன்னொரு துண்டு வைக்க வேண்டும்.